பந்துப்பூவும் சைப்ரஸ் மரமும்

8 ஆகஸ்ட்

“கோபம் வந்தா வாயைத் திறக்காதீங்க, நோட்டைத் திறந்து எழுதுங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரஷர் மாத்திரையோடு இதுவும் ஒரு மருந்தாம். கொடைக்கானல் மலைப்பாதையில் ஆயுசெல்லாம் பஸ் ஓட்டியவன் நான். ஹாரன் அடிக்காமல் கொண்டை ஊசி வளைவில் திரும்பு என்றால் முடியுமா? சரி, எழுதித் தொலைக்கிறேன்.

இன்றைக்கே விஷயம் கிடைத்துவிட்டது. பூசை முடிந்ததும் எங்கள் சர்ச்சுக்கு வந்திருக்கிற புதுச் சாமியார் கூப்பிட்டார். சின்ன வயசு. மீசை வைப்பதா எடுப்பதா என்றே இன்னும் முடிவு செய்யாதவர், என் வீட்டு விஷயத்தில் முடிவு சொல்கிறார்.

“இன்னாசி ஐயா, கல்லறைத் தோட்டத்துல ஒரு கல்லறைக்கு ஒரு செடிதான்னு பேசி முடிவு பண்ணியிருக்கோம். உங்க வீட்டம்மா கல்லறையில ரெண்டு நிக்குது. பக்கத்துல நடக்க வழியில்ல. நவம்பர் ரெண்டு, கல்லறைத் திருநாளுக்குள்ள ஒண்ண எடுத்துருங்க.”

“எத எடுக்கணும் சாமி?”

“அத நீங்களும் அமலோற்பவம் அம்மாவும் பேசிக்கோங்க.”

பேசிக்கொள்வதாம்! நானும் மதினியும் பேசினால் தெருவே சன்னலைத் திறந்து வேடிக்கை பார்க்கும்.

செசிலி போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு, கட்டின புருஷன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தலைமாட்டில் ஒரு சைப்ரஸ் கன்றை நட்டுவிட்டார் மதினி. செசிலிக்குக் கூடப் பிறந்த அக்கா அல்லவா, என்னை எதற்குக் கேட்க வேண்டும்? நான் அந்த ஜூன் மழையில் கால்மாட்டில் ஹைட்ராஞ்சியா வைத்தேன். எங்கள் வீட்டுப் பின்பக்கம் செசிலி வளர்த்த செடியிலிருந்து ஒடித்த கிளை. பந்து பந்தாகப் பூப்பதால் அவள் அதைப் பந்துப்பூ என்றுதான் சொல்வாள். எங்கள் வீட்டுப் பந்துப்பூ நல்ல நீலம். இந்த வட்டாரத்தில் அந்த நீலம் வேறு எந்த வீட்டிலும் கிடையாது. இந்தக் கல்லறைத் திருநாளுக்கு அந்த நீலம் அவள் கால்மாட்டில் பூத்திருக்க வேண்டும். வேறு எதையும் நான் ஆண்டவரிடம் கேட்கவில்லை. எடுக்க வேண்டியது எது என்று இதிலிருந்தே தெரியவில்லையா?

9 ஆகஸ்ட்

மதினிக்குப் பக்கத்து வீடு. மத்தியானம் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தூக்குச்சட்டி வந்தது, தினம் வருகிற மாதிரி. கூடவே பேச்சும் வந்தது.

“சாமி சொன்னாரு தம்பி. உங்க செடிய எப்ப எடுக்கப் போறீங்க?”

“என் செடியவா? உங்க மரத்த எடுங்க மதினி. ஒரு பூ உண்டா? ஒரு வாசம் உண்டா? போன வருஷம் எப்படி நின்னுச்சோ அப்படியே நிக்குது. செத்த வீட்டுக்கு வந்து எழுந்து போகாத ஆள் மாதிரி.”

“உங்க பந்துப்பூ மட்டும் என்னவாம்? சீக்காளிச் செடி. வெயில் அடிச்சா தலையத் தொங்கப் போடும். ஜனவரிப் பனி பட்டா வெந்த கீரையாட்டம் ஆயிடும். யாராச்சும் கூடவே இருந்து சாக்கு போட்டு மூடணும், கோடையில தண்ணி சுமக்கணும். என் மரம் யாரையும் கேக்காது. நமக்கப்புறமும் நிக்கும்.”

“நமக்கப்புறம் எவன் வந்து பாக்கப் போறான்?”

“அதத்தான் நானும் கேக்குறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எதையோ மனசில் வைத்துக்கொண்டு பேசுகிறார். குழம்பில் உப்பு அதிகம். மிச்சம் வைக்கவில்லை. வைத்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும்.

17 ஆகஸ்ட்

கோயம்புத்தூரிலிருந்து ரெஜினா போன் பண்ணினாள். பெற்ற மகள் பேசுகிறாளே என்று சந்தோஷமாக எடுத்தால், எடுத்த எடுப்பிலேயே, “அப்பா, கல்லறைத் திருநாளுக்குக் காரோட வர்றோம். திரும்பும்போது நீங்களும் எங்ககூட வர்றீங்க. மாடியில ரூம் தயாரா இருக்கு” என்கிறாள்.

“பாக்கலாம்மா.”

“போன தடவையும் இதத்தான் சொன்னீங்க. வர்றீங்களா இல்லையா? பதில் சொல்லுங்க.”

பாக்கலாம் என்பது பதில் இல்லாமல் வேறு என்னவாம்? செடி பூக்கிற நேரம், இப்போது போய் இதை எல்லாம் எப்படி யோசிப்பது?

24 ஆகஸ்ட்

காலையில் கல்லறை மேட்டுக்குப் போனேன். தினம் போகிற வேலைதான். இந்த மூடுபனி இறங்கினால் சைப்ரஸ் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் கல்லறை மேல் ஊற்றுகிறது. சிலுவையெல்லாம் பச்சைப் பாசி. செசிலி வீட்டில் ஒரு தூசி இருக்க விடமாட்டாள், அவள் தலைமாட்டில் பாசியா? சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு போய் மறுபடி அடித்தேன்.

கோயில் உபதேசியார் அந்தப் பக்கம் வந்தவர், “என்ன இன்னாசியண்ணே, எல்லாரும் கல்லறைத் திருநாளுக்குத்தான் வெள்ளையடிப்பாங்க. உங்களுக்கு மட்டும் மாசாமாசம் திருநாளா?” என்றார்.

“சுண்ணாம்பு என் காசு, கை என் கை. உமக்கு எங்கய்யா வலிக்குது?” என்று கேட்டேன். டாக்டர் மன்னிக்கட்டும்.

மிஞ்சின சுண்ணாம்புத் தண்ணியை வழக்கம்போலப் பந்துப்பூ தூரில் ஊற்றினேன். பூச்சி அண்டாது. குடத்தில் மிச்சமிருந்த நல்ல தண்ணியைச் சைப்ரஸுக்கு ஊற்றினேன். அது மேல் பிரியமெல்லாம் இல்லை, சுமந்துகொண்டு வந்த தண்ணியை வீணாக்குவானேன்? வீட்டுக்கு வந்து வாளியைக் கழுவி, பின்வாசல் படியில் நின்றபடியே செசிலி துவைத்த கல் பக்கம் வீசி ஊற்றினேன். அந்தக் கல் பக்கம் நான் போவதில்லை. துணியெல்லாம் லாண்டரியில் போட்டுவிடுகிறேன், அங்கே எனக்கு என்ன வேலை?

5 செப்டம்பர்

மொட்டு வைத்திருக்கிறது!

8 செப்டம்பர்

மாதா பிறந்த நாள். மதினி வீட்டுப் பாயசம். சீனி கம்மி. கம்மியாக இருந்ததால் இரண்டு டம்ளர் குடிக்க வேண்டியதாயிற்று.

மொட்டு வந்த விஷயத்தைச் சொன்னேன். “சந்தோஷம் தம்பி” என்று மட்டும் சொன்னார். நேரில் வந்து பார்ப்போம் என்று ஒரு வார்த்தை இல்லை. பொறாமை.

19 செப்டம்பர்

மொட்டு இன்னும் பச்சை வெள்ளையாகவே நிற்கிறது. பொறுமை என்கிற சாமான் என் கடையில் என்றைக்கும் இருந்ததில்லை. இந்தச் சைப்ரஸைப் பார், நேற்று நட்ட மாதிரி இருந்தது, இப்போது என் நெஞ்சு உயரம். அதற்கு என்ன கவலை? பூக்க வேண்டும் என்று யாரும் அதைக் கேட்பதில்லை. வெயிலும் ஒன்று, பனியும் ஒன்று. ஒரு இலையைக் கசக்கினால் மட்டும் டர்பன்டைன் மாதிரி ஒரு வாசம் வருகிறது. என் பந்துப்பூவோ கொஞ்சம் வெயில் ஏறினாலும் இலையைத் துவள விட்டுவிடும். ஒரு வாய்த் தண்ணி கண்டால் மத்தியானத்துக்குள் நிமிர்ந்து நிற்கும். அது வாடினதைக் கவனிக்க ஒரு ஆள், நிமிர்ந்ததைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். செடி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ரெஜினா மாடி ரூமை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். சன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. நல்ல ரூம்தான்.

2 அக்டோபர்

ரோஸ்! நல்ல ரோஸ்! பொங்கலுக்குக் கோலத்தில் போடுகிற ரோஸ்!

கண் சரியில்லையோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். நீலத்தின் சாயல்கூட இல்லை. என் கையால் ஒடித்து, என் கையால் வைத்த கிளை. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். தாய் வீட்டில் நீலமாக நிற்கிறது, பிள்ளை எப்படி ரோஸாகப் பூக்கும்?

ஒரே ஒரு வழிதான் உண்டு. என் செடியைப் பிடுங்கிவிட்டு யாரோ வேறு செடியை நட்டிருக்கிறார்கள். ஏரிச் சாலை நர்சரியில் தொட்டி தொட்டியாக இந்த ரோஸ்தான் விற்கிறான். அங்கே போய்ச் செடி வாங்குகிற பழக்கம் எங்கள் தெருவில் ஒரே ஒருவருக்குத்தான். யார் என்று எழுத மாட்டேன். எழுதினால் பிரஷர் ஏறும்.

5 அக்டோபர், ஞாயிறு

ஏறிவிட்டது. பூசை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நிற்கிற நேரம். மதினி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

“என் பொண்டாட்டி கல்லறையில நான் வச்ச செடியப் புடுங்கிட்டு வேற செடி வச்சது யாரு மதினி?”

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. சாமியார் அங்கியைக் கழற்றாமலே வெளியே ஓடிவந்தார்.

“என்ன தம்பி சொல்றீங்க?”

“நீலம் பூக்க வேண்டிய செடி ரோஸ் பூத்திருக்கு. சூனியமா வச்சாங்க? உங்க மரம் நிக்கணும்னு என் செடிய மாத்திட்டீங்க. நேரா வந்து எடுன்னு சொல்லியிருக்கலாம்ல? திருட்டு வேலை எதுக்கு?”

மதினி பதிலுக்குக் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, “உங்களுக்குப் பொண்டாட்டி. எனக்கு அவ தங்கச்சி” என்று மட்டும் சொன்னார். நடந்து போய்விட்டார். அந்தச் சின்ன தூரத்தை நடக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். வேண்டுமென்றே எல்லாரும் பார்க்கட்டும் என்று.

கேட்டது சரிதான். இருந்தாலும் ஒரு மாதிரியாக இருக்கிறது.

7 அக்டோபர்

தூக்குச்சட்டி வரவில்லை. நிம்மதி. முட்டை அவித்துச் சாப்பிட்டேன்.

11 அக்டோபர்

முட்டை.

16 அக்டோபர்

முட்டை. எதில் போட்டாலும் உப்பு சரியாக வரவில்லை.

சாமியார் வழியில் நிறுத்தி, “முடிவு பண்ணிட்டீங்களா ஐயா?” என்றார். அந்த ரோஸ் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வீட்டிலிருந்து வேறு கிளை வைக்கலாம். ஆனால் அது பூக்க அடுத்த வருஷம் ஆகும். சைப்ரஸைப் பிடுங்கலாம். மதினியைக் கேட்காமல் பிடுங்கினால் அவர் செய்ததைத்தான் நானும் செய்ததாக ஆகும். “பாக்கலாம் சாமி” என்றேன். எல்லாருக்கும் இந்த ஒரு பதில்தான் இருக்கிறது என்னிடம்.

23 அக்டோபர்

நாலு நாளாக அடைமழை. இன்று கொஞ்சம் வெளுத்ததும் கல்லறைத் திருநாள் வெள்ளையடிப்பை முடித்துவிட்டு வந்தேன். வாளியைக் கழுவிப் பின்வாசல் படியிலிருந்து வீசினேன். ஈரக் கை, வாளியும் சேர்ந்து பறந்துவிட்டது. துவைக்கிற கல்லைத் தாண்டி, பந்துப்பூச் செடிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.

எடுக்கப் போக வேண்டியதாயிற்று. கல்லில் இன்னும் அந்தச் சோப்பு வைக்கிற குழி இருக்கிறது. குழியில் மழைத்தண்ணி நின்றது. சரி, அது கிடக்கட்டும்.

செடியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். வாசலிலிருந்து பார்த்தால் செடி முழுக்க நீலம். கல் பக்கமாக, கீழே, நான் மாசாமாசம் சுண்ணாம்புத் தண்ணி வீசுகிற பக்கத்தில், இரண்டு பந்து ரோஸ். நடுவில் ஒன்று நீலத்துக்கும் ரோஸுக்கும் இடையில் முடிவு தெரியாமல் நிற்கிறது. எல்லாம் ஒரே செடி. ஒரே தூர். தூரைச் சுற்றி மண்ணெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

யாரும் செடியை மாற்றவில்லை. சுண்ணாம்பு மாற்றியிருக்கிறது. ஊற்றியது நான். ஊர் கூடிய இடத்தில் திருட்டு வேலை என்று சொன்னதும் நான்தான். அடே இன்னாசி, உனக்கு பிரேக்கே கிடையாதா?

24 அக்டோபர்

மதினி வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தாமல்தான் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை ஸ்டூல் மேல் நீட்டியிருந்தார். முழங்கால் பலாக்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது. எத்தனை நாளாக இப்படி?

“மதினி, செடிய யாரும் மாத்தல. எல்லாம் சுண்ணாம்பு பண்ணுன வேலை. நான் பேசினது தப்பு. வர்ற ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன்.”

“ஒண்ணும் வேண்டாம். மறுபடி ஒரு கூட்டம் கூட்டாதீங்க. உக்காருங்க.”

உட்கார்ந்தேன்.

“ஈஸ்டருக்கு அப்புறம் நான் அந்த மேட்டுல கால் வைக்கல தம்பி. இந்தக் கால வச்சுக்கிட்டு எங்க ஏற? கோயிலுக்குப் போறதே பெரும்பாடு. நான் போய்ச் செடி மாத்தினேன்னு சொன்னீங்களே, அன்னிக்கு எனக்கு அழுகையா வந்துச்சு, கொஞ்சம் சிரிப்பும் வந்துச்சு.” காலை மெல்ல மடக்கினார். “சாமியார் சொன்னாரு, என் மரம் நெஞ்சு உசரத்துக்கு வந்துருச்சாம். கோடையில பக்கத்துக் கன்னெல்லாம் காஞ்சு போச்சாம். என் மரத்துக்குத் தண்ணி ஊத்துனது யாரு?”

“குடத்துல மிச்சம் இருந்துச்சு. வீணாக்குவானேன்னு...”

“கோடை முழுக்க மிச்சம் இருந்துச்சாக்கும்.”

நான் வேறு பக்கம் பார்த்தேன். பிறகுதான் அதைக் கேட்டார்.

“ரோஸ்னா நல்ல ரோஸா?”

“கண்ணக் குத்துற ரோஸ்.”

மதினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

“நாங்க படிச்ச கான்வென்ட்ல, சிமெண்டுத் தொட்டி ஓரமா ஒரு பந்துப்பூச் செடி நின்னுச்சு. ரோஸ். செசிலிக்கு அதுன்னா உசுரு. உங்களக் கட்டிக்கிட்டு இந்த வீட்டுக்கு வந்த புதுசுல சிஸ்டர்கிட்டக் கெஞ்சி ஒரு கிளை ஒடிச்சுட்டு வந்து வச்சா. அது நீலமாப் பூத்துச்சு. ஏமாந்து போனா பாவம்.”

“எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலியே!”

“எப்படிச் சொல்லுவா? நீங்க அந்த நீலத்தப் பாத்துட்டு டிப்போ முழுக்க ஆள் கூட்டிட்டு வந்து காட்டினீங்க. இந்த மாதிரி நீலம் எவன் வீட்டுல இருக்குன்னு மார்தட்டினீங்க. ‘அவரு சந்தோஷமா இருக்காருக்கா, நீலமாவே இருந்துட்டுப் போகட்டும்’னு சொன்னா.”

இத்தனை வருஷம். ஒவ்வொரு வருஷமும் அவளைக் கூப்பிட்டு, ‘உன் நீலம் பூத்திருக்கு பார்’ என்று காட்டினேன். அவளும் வந்து பார்த்து, ‘ஆமா, நல்லா இருக்கு’ என்பாள்.

எழுந்து வாசலுக்கு வந்தபோது மதினி கூப்பிட்டார்.

“தம்பி, ரெஜினா எனக்கும் போன் பண்ணினா. நான் ஏன் அந்த மரத்த வச்சேன்னு நினைக்கிறீங்க? பூவும் வாசமும் எனக்குப் பிடிக்காதா? நீங்க எப்படியும் மக வீட்டுக்குப் போயிடுவீங்க, என் காலும் போயிடும், யாரும் வராட்டியும் அவ தலைமாட்டுல ஒண்ணு நிக்கட்டும்னு வச்சேன். இப்ப நீங்க சொல்லுங்க. இங்க இருக்கறதா இருந்தா என் மரத்த எடுத்துருங்க, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். போறதா இருந்தா உங்க செடிய எடுத்துருங்க. பாக்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க.”

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

31 அக்டோபர்

கடப்பாரையைத் துடைத்து வாசலில் சாத்தி வைத்திருக்கிறேன். எதைத் தோண்டுவதற்கு என்று கேட்டால் தெரியாது.

1 நவம்பர்

ரெஜினா வந்துவிட்டாள். வந்ததும் அம்மா படத்துக்கு முன்னால் நின்றாள், பிறகு பெரியம்மாவைப் பார்த்துவிட்டுக் கண் சிவந்து வந்தாள். மத்தியானம் எனக்குப் பெட்டி கட்ட உட்கார்ந்துவிட்டாள். நல்ல பிள்ளை. அவள் மேல் கோபப்பட முடிந்தால் இவ்வளவு சிரமம் இல்லை.

“அப்பா, ஸ்வெட்டரெல்லாம் வேணுமா? கோயம்புத்தூர்ல தேவைப்படாது.”

“பெட்டியில வைக்காதம்மா. எனக்கு இங்க வேணும். ஜனவரியில பனி விழும்போது செடிக்குச் சாக்கு போட ஆள் வேணும்ல?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “ஒரு செடிக்காகவாப்பா?”

பாக்கலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

“ஆமாம்மா” என்றேன்.

கோபித்துக்கொண்டாள். சாப்பிடாமல் படுத்தாள். பிறகு எழுந்து வந்து, பனிக்காலத்தில் எத்தனை ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டும், மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

2 நவம்பர்

விடிந்ததும் கடப்பாரையோடு மேட்டுக்குப் போய்ச் சைப்ரஸைத் தோண்டினேன். மழை குடித்த மண், எளிதாக விட்டுக்கொடுத்தது. வேர் மட்டும் விடவில்லை. நான் ஊற்றின தண்ணியெல்லாம் அங்கேதான் போயிருக்கிறது. ஒரு வழியாக மண்ணோடு தூக்கி எண்ணெய் டின்னில் வைத்து, ஆட்டோவில் ஏற்றி மதினி வீட்டு வாசலில் இறக்கினேன். ஆட்டோக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சாயந்திரம் கல்லறைகளை மந்திரிக்கிற ஜெபம். மதினியை ஒரு பக்கம் நானும் இன்னொரு பக்கம் ரெஜினாவுமாகத் தாங்கி மேட்டில் ஏற்றினோம். வழியெல்லாம், “மெதுவா, மெதுவா. பஸ்ஸா ஓட்டுறீங்க?” என்று திட்டிக்கொண்டே வந்தார். கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி. பூசின வெள்ளைக்குக் கீழே, செசிலி கால்மாட்டில், ரோஸ் பந்து மூன்று விரிந்து நின்றன.

மதினி குனிந்து ஒரு பந்தைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

“ஏய் செசிலி, பூத்துருச்சுடி” என்றார்.

நானும் ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன். ‘உன் ரோஸ் பூத்திருக்கு பார்’ என்று மெல்லச் சொன்னேன். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், என் சட்டையெல்லாம் ஈரம்.

இறங்கும்போது மதினி ஆரம்பித்துவிட்டார்.

“என் மரத்துக்கு வேரு அறுந்துச்சா தம்பி?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம்னா எவ்வளவு?”

“கொஞ்சம்னா கொஞ்சம் மதினி!”

“பட்டுப் போச்சுன்னா உங்கள விடமாட்டேன். தினம் வந்து தண்ணி ஊத்திட்டுப் போகணும், சொல்லிட்டேன்.”

வீடு வரைக்கும் இதே பாட்டு. ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சுவருக்கு மேலே தூக்குச்சட்டி வந்தது. உப்பு அதிகம்தான். ரெஜினா, “ருசியா இருக்குல்லப்பா” என்கிறாள். இவளுக்கு என்ன தெரியும்?

நாளைக்குக் கடை திறந்ததும் சுண்ணாம்பு வாங்க வேண்டும். போன தடவையைவிடக் கொஞ்சம் அதிகமாக.